ஆறாம் படத்துக்கும் ஏழாம் படத்துக்கும் நடுவில்

மார்ச் 4, திங்கள்

காலையில் கிடங்குக்குள் நுழைந்ததுமே எல்லாரையும் பெட்டிகளுக்கு நடுவில் நிற்க வைத்தார்கள். எங்கள் பிரிவுப் பொறுப்பாளர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். நிமிடத்துக்கு ஒரு தடவை மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். இன்றைக்கு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 12-ஆம் தேதியோடு எங்கள் பிரிவை மூடுகிறார்கள். வாங்கியவர்கள் பொருத்த முடியாமல் திருப்பி அனுப்பும் அலமாரி, மேசை, செருப்பு அடுக்கு எல்லாவற்றையும் இனிமேல் வெளியாள் ஒருவர் எடுத்துக்கொள்வாராம். அதைக் கழற்றி, சரிபார்த்து, பெட்டியில் போட நாங்கள் ஆறு பேர் தேவையில்லை. ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘உங்கள் தனித்திறன்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று.’ அதைப் பார்த்துவிட்டு வேறு பிரிவில் பொருந்தினால் இடம் உண்டு. இல்லையென்றால் வீடு.

பதினோரு வருஷம் இங்கே இருந்திருக்கிறேன். அடுத்தவர் தப்பாக முடுக்கிய திருகாணியைக் கழற்றத் தெரியும். இதைத் தனித்திறன் என்று எழுதினால் சிரிக்கமாட்டார்களா?

மார்ச் 5, செவ்வாய்

மூன்று கட்டமும் காலி.

மார்ச் 8, வெள்ளி

அக்கா வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்கவில்லை, பிரிவு மூடுவதைச் சொல்லிவிட்டார். பேருந்து ஓட்டுகிற மனுஷன். வண்டியில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லாம் வீட்டில் வந்து ஈடுகட்டுவார்.

அக்காவுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. “இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கியா? என் கடைக்கு வந்துடு. நாலு மெஷின் ஓடுது, எனக்கும் ஆள் வேணும். பட்டன் வை, ஓரம் அடி, வர்றவங்களை உக்கார வை. யோசிக்கிற வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

யோசிக்கிற வேலையெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாளாம்.

என்னைவிட மூன்று வயது பெரியவள். பள்ளிக்கூடத்திலிருந்தே அவள் கற்பூரம், நான் டியூப்லைட். வாத்தியார் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிடும். எனக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் புரியும். ஜோக் சொன்னால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நான் தனியாகச் சிரிப்பேன். வீட்டில் அதற்காக இன்னொரு தடவை சிரிப்பார்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சரி, வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கெட்டவள் இல்லை. நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறாள். ஆனால் அங்கே போனால் நான் வேலைக்காரியாகக்கூட இருக்க முடியாது. தங்கையாகத்தான் இருக்க முடியும், காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஆயுசு பூராவும். இந்தக் கிடங்கு ஒன்றுதான் அவள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாத இடம்.

அவள் போனதும் இவர், “ஃபார்ம்ல உன் கோபத்தை எழுதேன். அதுல உன்னை அடிச்சிக்க ஆளே கிடையாதே” என்றார். தோசைக்கரண்டியைக் காட்டினேன். சான்று அது.

மார்ச் 11, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். குழுவாக இணைந்து செயல்படுதல். விரைந்து கற்றல். பொறுமை. பக்கத்து மேசைக்காரி எழுதியதைப் பார்த்து எழுதினேன். அவள் யாரைப் பார்த்து எழுதினாளோ. ‘பொறுமை’ என்று எழுதும்போது கை கூசியது.

மார்ச் 14, வியாழன்

பொறுமைக்காரியைத் தொலைபேசிப் பிரிவில் இரண்டு நாள் சோதனைக்கு உட்கார வைத்தார்கள். காதில் ஹெட்போன், எதிரில் கணினி. வாடிக்கையாளர் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்னால் ஒரு அட்டை. ஓர் அழைப்புக்கு ஐந்து நிமிடம்தான்.

மூன்றாவது அழைப்பு ஒரு பெண். உயர அலமாரி வாங்கியிருக்கிறாள். பிள்ளை இடுப்பில் இருக்கிறது போலிருக்கிறது, குரல் கேட்கிறது. “ஆறாவது படம் வரைக்கும் சரியா வந்துச்சு. ஏழாவது படத்துல பின்பலகை பொருந்தவே மாட்டேங்குது. நான்தான் ஏதோ மக்குத்தனமா பண்றேன்” என்கிறாள். அட்டையைப் பார்த்தேன். ‘வழிமுறைத் தாளில் உள்ள படத்தைக் கவனமாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளவும்.’

என்னத்தைக் கவனமாகப் பார்ப்பது? இரண்டு கண்ணையும் பிடுங்கி அதன் மேல் வைத்தாலும் அது புரியாது. சொல்லிவிட்டேன். “நீங்க மக்கு இல்லம்மா. அந்தப் படம்தான் தப்பு.” அப்புறம் அலமாரியைக் குப்புறப் போடச் சொல்லி, ஒவ்வொரு திருகாணியாக அவளோடு கூடவே இருந்து முடித்தேன். இருபத்தாறு நிமிடம்.

மார்ச் 15, வெள்ளி

எல்லாம் பதிவாகுமாம். அங்கே இருக்கும் மேற்பார்வை மேடம் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். “நம்ம படம் தப்புன்னு நாமளே சொன்னா எப்படிம்மா?”

“தப்பா இருக்கறதை வேற எப்படிச் சொல்றது மேடம்?”

மதியத்துக்குள் கிடங்குக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் சோதனை ஒன்றரை நாளில் முடிந்தது. விரைந்து கற்றல்.

மார்ச் 19, செவ்வாய்

இன்றைக்கு மறுபடியும் அதே உயர அலமாரி. திரும்பி வந்தது. இந்த மாதத்தில் பதினான்காவது.

பின்பலகையில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டிரண்டு ஓட்டை. முதல் ஓட்டை நேராக, மெதுவாகப் போட்டது. இரண்டாவது கோணலாக, கோபத்தில் போட்டது. பலகையின் சொரசொரப்பான பக்கம் கதவுப் பக்கம் பார்த்து நிற்கிறது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, இதைப் பொருத்திய மனுஷர் எங்கே நின்று என்ன நினைத்தார் என்று. ஆறாம் படத்தில் அலமாரி மல்லாந்து கிடக்கிறது. ஏழாம் படத்தில் குப்புறக் கிடக்கிறது. நடுவில் புரட்டிப் போடு என்று யாரும் சொல்லவில்லை. வரைந்தவருக்கு அது மனதிலேயே புரண்டுவிட்டது. பொருத்தியவருக்குப் புரளவில்லை.

திரும்பி வந்த பொருளுக்கான சீட்டில் ‘காரணம்’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ஓர் எண் போட வேண்டும். நான்கு என்றால் வாடிக்கையாளர் பிழை. நான் எப்போதும் எண் போடாமல் சீட்டின் ஓரத்தில் நடந்ததை எழுதுவேன். கடிகாரம் இன்றைக்கும் வந்து பிடித்துக்கொண்டார்.

“பதினோரு வருஷமா சொல்றேன். கட்டத்துக்குள்ள நம்பர் போடுங்கம்மா. கதை எழுதாதீங்க.”

“நாலு போட்டா பொய் சார்.”

“பொய்யோ நெசமோ, ஒரு எண். அவ்வளவுதான்.”

அவர் போன பிறகு ஒரு யோசனை குடைந்துகொண்டே இருந்தது. எனக்கு மட்டும் இது எப்படித் தெரிகிறது? பக்கத்து மேசைக்காரி சுறுசுறுப்பானவள். அவள் நான்கு என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாளே.

தெரியும். எழுதித்தான் ஆக வேண்டுமா? சரி. இந்த அலமாரி விற்பனைக்கு வந்த புதிதில் வீட்டுக்கு ஒன்று வாங்கினேன். நானே பொருத்துகிறேன் என்று வீம்பாக உட்கார்ந்து பின்பலகையைக் கதவுப் பக்கம் வைத்து அடித்தேன். இவர் இரண்டு நாள் சிரித்தார். கம்பெனியில் ஒருத்தரிடமும் நான் மூச்சு விடவில்லை.

மார்ச் 20, புதன்

சீட்டுகளின் நகல்களைக் கட்டிக்கொண்டு மாடியில் இருக்கும் வரைபட அறைக்குப் போனேன். கூப்பிடாமலே போனேன். அதுதான் முதல் தப்பு.

படங்களை வரைகிறவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர் இருப்பார். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். நான்தான் எடுத்த எடுப்பிலேயே, “உங்க ஏழாவது படம் தப்பு சார்” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“மேடம், இதைப் பாத்து ஆயிரக்கணக்கான பேர் ஃபிட் பண்ணிட்டாங்க. உங்களுக்குப் புரியலைன்னா படத்து மேல ஏன் கோபப்படறீங்க?”

‘உங்களுக்குப் புரியலைன்னா.’ பள்ளிக்கூடம், வீடு, எல்லா இடத்திலும் கேட்ட அதே வாக்கியம். எழுந்து வந்துவிட்டேன். சீட்டுகளை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

என்னத்துக்குப் போனே? யார் கேட்டாங்க உன்னை? வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உனக்கு? நாலுன்னு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே.

மார்ச் 21, வியாழன்

அக்காவிடம் “சரி, வர்றேன்” என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. போகிறதுதான் போகிறோம், சும்மா போவானேன் என்று தோன்றியது. பேசினால் எனக்குக் கோபம் வரும். அதனால் பேசக் கூடாது, செய்து காட்ட வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் மாடிக்குப் போனேன். அவர் மேசையில் என் சீட்டுகள் விரித்துக் கிடந்தன, படித்திருக்கிறார். “இன்னும் கடைக்கு வராத சாமான் ஏதாவது இருக்கா சார்? நான் கண்ணால பாக்காதது. மேனுவலோட குடுங்க, உங்க முன்னாடியே ஃபிட் பண்றேன். ஒரே ஒரு கண்டிஷன், நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

பாவம், என்ன நினைத்தாரோ, ஒரு எழுத்து மேசையை எடுத்துக் கொடுத்தார். தரையில் உட்கார்ந்தேன். சுற்றி மூன்று பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்று படம் வரை ஓடியது. நான்காவதில் நின்றுவிட்டது. இரண்டு பலகை, பார்க்க ஒரே மாதிரி. எது இடம், எது வலம்? நெற்றியெல்லாம் வேர்த்தது. இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாகச் செய்வது எனக்கே தெரியும். தலையைத் தலையை ஆட்டுவேன். “ஆங், புரிஞ்சுது” என்பேன். அப்புறம் யாரும் பார்க்காதபோது ஏதோ ஒன்றைச் செய்து வைப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

விழுங்கிவிட்டு, “எனக்குப் புரியலை” என்றேன். சத்தமாக. நாற்பத்து மூன்று வயதில், நான்கு பேர் முன்னால்.

அவருக்குத் தாங்கவில்லை. “அதாவது மேடம், அது வந்து—”

“இதை வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க கூடவே போவீங்களா? பேசாம எழுதுங்க சார்.”

எழுதினார். ஐம்பத்தோரு நிமிடம் ஆயிற்று. ஐந்து இடத்தில் நின்றேன், ஐந்து தடவையும் சொன்னேன். முடிந்ததும் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அவமானமாக இருந்தது. ஆனால் வயிற்றுக்குள் வெகுநாளாக முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்த மாதிரியும் இருந்தது. திரும்பி வரும்போது பசித்தது.

மார்ச் 26, செவ்வாய்

ஐந்து படத்தையும் மாற்றி வரைந்திருக்கிறார். அதோடு உயர அலமாரியின் தாளில், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், ஓர் ஆள் அலமாரியைப் புரட்டுவது போல ஒரு புதுப் படம். காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தார். “இப்ப புரியுதா?” என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

தினமும் காலையில் ஒரு மணி நேரம் மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறார். கடிகாரத்துக்கு எரிச்சல். “மேல போய் என்னம்மா பண்றீங்க?”

“புரியாம உக்காந்திருக்கேன் சார்.”

ஏப்ரல் 1, திங்கள்

கெட்டுப்போயிற்று எல்லாம்.

இன்றைக்குக் கொடுத்தது ஒரு புத்தக அடுக்கு. எங்கேயும் நிற்காமல் பத்தொன்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். கை தானாகப் போகிறது. வரைகிறவர் கைதட்டினார். “இப்ப நீங்களும் எங்க ஆளு ஆயிட்டீங்க மேடம்.”

எனக்கு உயிரே போய்விட்டது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு சரக்கு, புரியாமை. அதுவும் பத்து நாளில் தீர்ந்துபோயிற்று. இது எப்பேர்ப்பட்ட கூத்து? வாழ்நாள் பூராவும் புரிய மாட்டேன் என்று அடம்பிடித்த மண்டை, வேண்டாத நேரத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறது. இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். இவர், “உக்காரு, டிக்கெட் குடுக்கவா” என்றார். சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 3, புதன்

நேற்று முழுக்க யோசித்து ஒன்று செய்தேன். எனக்குத்தானே தீர்ந்தது, ஊருக்கே தீர்ந்துவிட்டதா? வாசலில் இருக்கும் காவலாளி அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். பத்து நிமிடம்தான் என்று பொய் சொல்லி.

அவர் செருப்பு அடுக்கைப் பொருத்த ஆரம்பித்தார். வரைகிறவர் என் காதருகே, “நல்லாப் போகுதுல்ல?” என்றார். போகவில்லை. மூன்றாம் படத்தைப் பார்த்ததும் அண்ணன் இரண்டு தடவை வேகமாகத் தலையை ஆட்டினார். கை சும்மா இருக்கும்போதே கண் அடுத்த படத்துக்குப் போய்விட்டது. உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாதா? அது என் சொந்தச் சொத்து.

“அண்ணே, இந்தப் படம் என்ன செய்யச் சொல்லுது?”

அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டார். “தெரியலம்மா. நீங்கள்லாம் பாத்துட்டு இருக்கீங்க, கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு.”

வரைகிறவர் என்னையே பார்த்தார். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்கு ஒண்ணுமே தெரியலையே.”

“உங்களுக்குத் தெரியாது சார். நீங்க நெசமாவே புரிஞ்சுதான் தலையாட்டியிருப்பீங்க.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. புரியாமை போனால் போகட்டும். அதை மறைத்து மறைத்து நாற்பது வருஷம் பட்ட பாடு எங்கேயும் போகவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

புதுப் படிவம் கேட்டு வாங்கி எழுதினேன். ‘புரியாமலே புரிந்ததுபோல் தலையாட்டுகிறவரை, அந்த இடத்திலேயே கண்டுகொள்வேன். சான்று: நான் அப்படி ஆட்டியவள். இரண்டாவது சான்று: இணைப்பில் உள்ள, இதனால் மாற்றி வரைந்த ஒன்பது படங்கள்.’ மற்ற இரண்டு கட்டத்திலும் கோடு போட்டுவிட்டேன்.

கடிகாரம் வாங்கிப் பார்த்துவிட்டு, “மூணு எழுதணுமேம்மா” என்றார்.

“ஒண்ணுதான் சார் இருக்கு.”

ஏதோ சொல்ல வந்தார். மணிக்கட்டைப் பார்த்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மாடியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தொலைபேசிப் பிரிவில் நடந்தது அவர்கள் கையில் தாளாக இருந்தது. “முதல் படிவத்தில் பொறுமைன்னு எழுதியிருந்தீங்களே?”

“அது பொய் சார். காப்பியடிச்சது.”

ஒருவர் இருமினார். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா போன் செய்தாள். எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறாளாம், முதுகு வலிக்காதாம். என்ன சொல்வேன் இவளிடம்.

ஏப்ரல் 12, வெள்ளி

பிரிவை மூடிவிட்டார்கள். இரண்டு பேர் தொலைபேசிக்கு, ஒருவர் பெட்டி கட்டும் இடத்துக்கு. இரண்டு பேருக்கு இடமில்லை. அதில் ஒருத்தி பக்கத்து மேசைக்காரி. போகும்போது என்னிடம், “உன்னைப் பாத்து எழுதியிருக்கலாம்” என்றாள். எனக்கு மனசே சரியில்லை.

எனக்கு வரைபட அறையில் மூன்று மாதம். அதற்குப் பிறகு பார்க்கலாமாம்.

ஏப்ரல் 13, சனி

அக்காவிடம் சொன்னேன். “அப்படி என்ன பெரிய வேலை? புரியலைன்னு சொல்றதுக்கு ஒரு உத்தியோகமா?” என்றாள். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 20, சனி

குழந்தைகளுக்கான மடக்குக் கட்டில், புதுசு. இதுவரை பார்க்காத ஆள் ஒருவர் வேண்டும் என்றார் வரைகிறவர். அக்காவைக் கூப்பிட்டேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டாள், நல்ல சேலை கட்டிக்கொண்டு. “அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். கடையில ஆள் காத்திருக்கு.”

தையல்காரி, கை சுத்தம். நான்கு படம் மளமளவென்று போயிற்று. வரைகிறவர் அசந்துபோய்ப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பழைய பொருமல் எழுந்தது. பார், இவளுக்கு எல்லாம் வந்துவிடும்.

ஐந்தாம் படத்தில் தாளை ஒரு தடவை பார்த்தாள். “ம், புரிஞ்சுது” என்றாள். இரண்டு தடவை, வேகமாக, தலையை ஆட்டினாள். கை சும்மா இருந்தது. கண் ஆறாம் படத்துக்குப் போய்விட்டது.

இந்தத் தலையாட்டலை நான் யாரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இவள் ஆட்டுவாள். அதைப் பார்த்து நானும் ஆட்டினேன். இவளுக்குப் புரிந்துதான் ஆட்டுகிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

வரைகிறவர் என்னைப் பார்த்தார். மற்றவர்களை நிறுத்திக் கேட்பது போல இவளையும் கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்த வேலை. வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

பலகையை வைத்தாள். எடுத்தாள். திருப்பி வைத்தாள். கழுத்தோரம் வேர்த்துவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. காத்திருந்தேன். கோபமும் வரவில்லை, அவசரமும் வரவில்லை.

கடைசியில் தாளை மடியில் போட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஏய், எனக்கு இது புரியலைடி” என்றாள்.

“எனக்கும் முதல்ல புரியலைக்கா” என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். குறிப்பேட்டில் ஐந்தாம் படம் என்று எழுதினேன். கடைக்கு நேரமாகிறது என்று அவள் சொல்லவில்லை. இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.